அல்போன்சா சித்தியின் பாட்டு வரிசை

தெரேஸ்புரம் கரையில் எந்த வள்ளத்தில் எந்தப் பாட்டு எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தவள் ஒருநாளும் வள்ளத்தில் ஏறியதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. வள்ளத்துக்குப் பெண்ணின் பெயரை எழுதலாம். வள்ளம் கொண்டுவரும் மீனைப் பெண் கூவி விற்கலாம். ஏறத்தான் கூடாது.

அல்போன்சா சித்தி எங்கள் பக்கத்து வீடு. அவள் கணவர் வில்பிரட் சித்தப்பா டிக்சன் சம்மாட்டியின் வள்ளத்தை ஓட்டுகிறார். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். சித்தியின் ஒரே மகள் டெல்பின் நர்ஸ் வேலைக்குக் குவைத் போனபோது தான் படித்த கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். முன்னறையில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்து மேசையில், பழைய சேலைத் துண்டு போர்த்தி, அது கொஞ்ச நாள் சும்மா இருந்தது. பிறகு சித்தி அதைத் திறந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. கோயில் பாடகர் குழுவில் சிறுவயது முதல் பாடிய பழக்கம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். எது கெட்டாலும் தன் வீட்டுச் சாமான்தானே என்று சொல்வாள்.

வள்ளத்துப் பாட்டு அவளிடம் வந்தது சித்தப்பாவால்தான். வள்ளங்களில் பேட்டரியில் ஓடும் சின்னப் பாட்டுப் பெட்டி இருக்கும். அதில் பென்டிரைவைச் செருகினால் போதும். கடையில் பாட்டு ஏற்றி வாங்கினால் கண்டபடி வருகிறது என்று சித்தப்பா குறைப்பட்டார். சித்தி இரண்டு மூன்று தடவை ஏற்றிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தாள்: அந்தப் பெட்டி பாட்டின் பெயரையும் பார்ப்பதில்லை, எண்ணையும் பார்ப்பதில்லை. எந்தப் பாட்டு முதலில் டிரைவுக்குள் போனதோ அதைத்தான் முதலில் பாடும். ஆகவே வரிசையைக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும் பிளேயரில் ஒழுங்காக அடுக்கி, அந்த வரிசை மாறாமல் ஏற்றினாள்.

வரிசைக்கு ஒரு முறை உண்டு. என்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்து கரையிலிருக்கும் சின்னச் சிலுவைக் கோயிலான குருசடி கண்ணுக்கு மறையும் வரை மாதா பாட்டு. அதற்கப்புறம் அவரவர் விருப்பம். ஒரு வள்ளத்துக்குப் பழைய சினிமாப் பாட்டு, ஒன்றுக்குக் குத்துப்பாட்டு. சேவியர் வள்ளத்தில் வலை விடும்போது சத்தம் ஆகாது. ஆனால் பெட்டியை நிறுத்த ஈரக் கையோடு யாரும் போக மாட்டார்கள். அந்த வள்ளத்துக்காகச் சித்தி சும்மா உட்கார்ந்து ஒரு பதிவு செய்து வைத்திருந்தாள். அதில் பேச்சு கிடையாது. மின்விசிறி சுற்றுவது மட்டும் லேசாகக் கேட்கும். அந்தப் பதிவு முடியும்போது வலை இறங்கியிருக்கும், அடுத்த பாட்டு வரும்.

இப்படி ஊர் வள்ளங்களில் பாதிக்கு மேல் சித்தியின் பென்டிரைவ்தான். கடலுக்குள் என்ன கேட்கிறது என்பது ஒரு பெண்ணின் மேசையில் முடிவாகிறது என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சித்தியும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் விடிகாலையில் வள்ளங்கள் கிளம்பும்போது ஜன்னலண்டை வந்து நிற்பாள். தன் வரிசை ஒழுங்காக ஆரம்பிக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

உப்புக்காற்றுக்கு எந்தச் சேலைத் துண்டும் காவல் இல்லை. போன வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் திறக்கவே மறுத்தது. கடைக்காரர் நேசக்குமார் அண்ணாச்சி பெட்டியைக் கழற்றி, உள்ளே துருப்பிடித்துப் பூத்துப்போயிருந்ததைக் காட்டினார். பாட்டுகள் தப்பின. மற்றதெல்லாம் புதிது. சித்தி இத்தனை வருஷம் பழகிய சாம்பல் நிறப் பிளேயர் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை.

மாதா திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்த ஜாய்சன், சித்தப்பாவின் அண்ணன் மகன், மூன்று பிளேயர்களை இறக்கிக் காட்டினான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், நல்ல பையன். ஒன்று திறந்ததும் யார் நீ, மெயில் ஐடி என்ன என்று கேட்டது. சித்தி அதை உடனே தள்ளினாள். என் வீட்டுக்குள் நுழைய நான் யாருக்குப் பேர் சொல்லணும் என்றாள். இன்னொன்று ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் யார், ஆல்பம் எது என்று தேடிவிட்டு, கோயில் பாட்டு அத்தனையையும் ‘தெரியாதவர்’ என்ற ஒரே பெயரில் போட்டது. சித்திக்குச் சிரிப்பு வந்தது. அதில் பாடியவர்களின் பட்டப்பெயர் வரை அவளுக்குத் தெரியும். மூன்றாவது அழகாக இருந்தது. கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் வைக்கலாம். ஒரே பொத்தானில் வரிசை முழுவதையும் பென்டிரைவுக்கு அனுப்பலாம். சித்தி மாதா படத்தை வைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டாள். அதைத் தேர்ந்தெடுத்தது ஜாய்சன் இல்லை, தான்தான் என்பதில் அவள் பிறகும் பின்வாங்கவில்லை.

திருவிழா முடிந்து ஜாய்சன் சென்னைக்குப் போனான். அந்த வாரக் கடைசியில் ஆன்டனி மாமா இறந்துபோனார். ஊரில் இன்று வள்ளம் ஓட்டுகிற பலருக்கும் ஒரு காலத்தில் அவரோடு மீன்பிடித் தொழிலுக்குப் போன பழக்கம் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அடக்கப் பாட்டைப் பாடகர் குழு தொடங்க, ஆண்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். குவைத்திலிருந்த அவர் மகன் வர முடியாததால் அவனுக்கு அனுப்பச் சித்தி போனில் பதிவு செய்தாள். வீட்டுக்கு வந்து அதைக் கம்ப்யூட்டரிலும் சேர்த்து வைத்தாள்.

ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. திங்கட்கிழமைக்காகச் சித்தி சித்தப்பாவின் டிரைவில் புது வரிசை ஏற்றினாள், அந்த ஒரே பொத்தானில். திரையில் சின்னதாக ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. சரி என்று அழுத்தினாள். டிரைவில் மிச்சமிருக்கும் இடத்தையும் நானே நிரப்பட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. அப்படி நிரப்பும்போது, கடைசியாகச் சேர்த்த பாட்டை வரிசைக்கும் முன்னால் ஏற்றுவது அதன் வழக்கம்.

திங்கள் விடிகாலையில் ஜன்னலருகில் நின்றிருந்த சித்திக்கு, என்ஜின் சத்தத்தோடு மாதா பாட்டு வரவில்லை. அடக்கப் பாட்டு வந்தது. திங்கட்கிழமை, முதல் தொழில், குருசடிக்கு நேரே வள்ளம். சித்தப்பா பெட்டியை அடித்து நிறுத்துவதற்குள் இரண்டு வரி போய்விட்டது. அபசகுனம் என்று டிக்சன் சம்மாட்டியின் வள்ளம் திரும்பியது. பின்னால் வந்த வள்ளங்களுக்கும் கேட்டிருந்தது. அவையும் திரும்பின. அன்று கரையில் மீன் வாங்க வந்தவர்கள் வெறுங்கூடையோடு போனார்கள்.

சாயங்காலம் வலை பழுதுபார்க்கும் வலைக்கூடத்தில் ஊர்க் கமிட்டி கூடுகிறது என்று தகவல் வந்தது. நான் விஷயத்தை ஜாய்சனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் பதறிப்போய்ச் சித்தியைக் கூப்பிட்டு, அந்தப் பிளேயர் என்ன கேட்டிருக்கும் என்று விளக்கினான். தானே டிக்சன் சம்மாட்டியிடம் பேசி, இது தன்னுடைய தப்பு என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான். சித்தி போனை மேசைமேல் வைத்து, எனக்கும் கேட்கும்படி பேசினாள்.

“நீ சொன்னா என்ன ஆவும் தெரியுமாலே? ‘பய செஞ்ச கோளாறு, பாவம், அவளுக்கு என்ன தெரியும்’ம்பானுவ. அதோட முடிஞ்சிரும். எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு பேரு வாங்குததுக்கு, நான் தப்பு செஞ்சேன்னு பேரு வாங்குதது மேலு. நீ போன வை.”

சித்தப்பா, போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சித்தி முகம் கழுவி, கோயிலுக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பெண்கள் சிலர் வலைக்கூடத்துக்கு வெளியே நின்றோம். உள்ளே போனது அவள் மட்டும்தான்.

டிக்சன் சம்மாட்டி கமிட்டித் தலைவரும்கூட. கெட்டவர் இல்லை, ஊருக்கு முன்னால் கறாராக இருந்தே பழகியவர். பாட்டை மாற்றியது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். சித்தி, நான்தான் என்றாள். புதுப் பிளேயர் மிச்ச இடத்தைத் தானே நிரப்பிவிட்டது, கேட்டபோது நான்தான் சரி என்று அழுத்தினேன், இனி அது நடக்காது என்று சொன்னாள். ஒருநாள் தொழில் போனதற்கு வருத்தம் என்றும் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உள்ளேயிருந்து ஒருவர், அந்தப் பாட்டை வள்ளத்தில் போட்டதற்கு மாதா முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

“பாட்டுக்கா?” என்றாள் சித்தி. “அது என்ன வசவாண்ணே? ஆன்டனி அண்ணன் குழிமேட்டுல நின்னு நீங்க அம்புட்டு பேரும் வாய் தொறந்து பாடுனியள்ளா. நான் பாடவே இல்ல, போனைத்தான் புடிச்சிட்டு நின்னேன். அதுல கேக்குதது பூராவும் ஓங்க சத்தம். முன்னுக்கு நிக்கித தொண்டை யாரு தொண்டைன்னு எல்லாருக்கும் தெரியும்.”

டிக்சன் சம்மாட்டியின் தொண்டை ஊரறிந்தது. சுதியில் நிற்காது, ஆனால் எல்லாருக்கும் மேலே நிற்கும். பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

“செத்தவனுக்குப் பாடுத பாட்டு, போறவனுக்குப் பாடலாமாளா?” என்றார் டிக்சன்.

“அவரு செத்தவரு மட்டுந்தானா? ஓங்களுக்கு எல்லாம் இந்தக் கடல்ல வழி காட்டுனவரு. போன வாரம் அழுதிய. இந்த வாரம் அந்தப் பாட்டுக்குப் பயந்து வள்ளத்தத் திருப்புதிய. அழுகை பொய்யா, பயம் பொய்யா?”

பிறகு, ஒரு மூலையிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. பெண் கை பட்ட சாமான் வள்ளத்தில் ஏறினால் இப்படித்தான் ஆகும்; இத்தனை நாள் விட்டதே தப்பு.

சித்தி அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப ஓங்க சோத்து வாளி யாரு கட்டுதா? நாளைலேந்து அதையும் எறக்கி வச்சிட்டுப் போங்க.”

வெளியே நின்ற எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புதான் கமிட்டிக்குக் கோபம் மூட்டியது என்று பிறகு சித்தப்பா சொன்னார். இருக்கலாம். இனி அல்போன்சாவின் பென்டிரைவ் எந்த வள்ளத்திலும் ஏறக்கூடாது, அவரவர் போனிலிருந்து பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு சொன்னார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சித்தி எல்லாரையும் பார்த்தபடி வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். அந்த அழகான பிளேயரை எடுத்துவிட வேண்டும், வேறொன்று வேண்டும், ஆங்கிலத்தில் அது என்ன கேட்கிறது என்று ஒவ்வொன்றையும் வாசித்துச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை அவள் தேர்ந்தெடுத்த விதமே வேறு. பிளேயரை இறக்கியதும் முதல் வேலையாக நெட் வயரைப் பிடுங்கினாள். அதற்கப்புறமும் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடாததை அப்போதே எடுத்தாள். பிறகு ஒரு பாட்டைத் திறந்து மூடி, அந்தக் கோப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறதா, பேர் மாறாமல் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். கடைசியில் கொஞ்சம் பாட்டுகளை வேண்டுமென்றே தாறுமாறான வரிசையில் அடுக்கி, நடுவில் அந்த மின்விசிறிப் பதிவையும் வைத்து, டிரைவில் ஏற்றி, வீட்டிலிருக்கும் சின்னப் பாட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்டாள். ஒரு பிளேயர் மின்விசிறிப் பதிவைப் பழுதான கோப்பு என்று நினைத்துத் தாண்டிப் போனது. சித்தி அதற்கும் விடை கொடுத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த சித்தப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். “இனும யாருக்கு ஏத்தப் போற? எதையாவது வச்சிக் கேட்டுக்கிட வேண்டியதுதான?”

“வள்ளத்துல எது ஏறணும்னு அவங்க சொல்லிட்டாங்க. என் கம்ப்யூட்டர்ல எது இருக்கணும்னு நான் சொல்லுதேன்” என்றாள் சித்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் அவளுக்குச் சரிப்பட்டது ஒரு சின்னப் பிளேயர். படம் கிடையாது. நிறம் கிடையாது. இடப்பக்கம் வரிசையின் பெயர்கள், வலப்பக்கம் பாட்டுகள். எதைச் சொன்னாயோ அதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. ஒரேயொரு கேள்வி கேட்டது, தமிழ் எழுத்தில் காட்டவா என்று. நான் வாசித்துச் சொல்லி, சித்தி யோசித்து, சரி என்றாள். புதுக் கம்ப்யூட்டருக்கு மாறியதில் பழைய வரிசைகள் எல்லாம் போயிருந்தன. ஒவ்வொரு வள்ளத்தின் வரிசையையும் நினைவிலிருந்து திரும்ப அடுக்கினாள். அந்த வள்ளங்களில் ஒன்றுகூட அதைக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தே அடுக்கினாள்.

சித்தியின் வீடு கடலைப் பார்த்தது. நடுவில் ரோடும் மணலும்தான். டெல்பின் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கர் இரண்டு பரணில் கிடந்தன. ஒரு விடிகாலையில், கரையில் முதல் என்ஜின் ஓடத் தொடங்கியதும், சித்தியின் ஜன்னலிலிருந்து மாதா பாட்டு எழுந்தது. குருசடி மறையும் தூரம் வரை வள்ளங்கள் போகும் நேரத்துக்குச் சரியாக ஓடி, நின்றது. அதற்கு மேல் ஒரு பாட்டும் போடவில்லை. வள்ளங்களில் ஆளுக்கொரு போனிலிருந்து ஆளுக்கொரு பாட்டு இரைந்துகொண்டிருந்தது. மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும்.

டிக்சன் சம்மாட்டி ஆள் அனுப்பினார். வந்தவர் வாசலில் நின்று, கமிட்டி முடிவு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

“நல்லா இருக்கு. வள்ளத்துல ஏறக்கூடாதுன்னுதான சொன்னிய. நான் ஏத்தல. காத்து ஏத்துது. காத்த வேணும்னா கூப்பிட்டு வச்சிக் கேளுங்க.”

வந்தவர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்கிறது என்றால் குறைக்கிறேன் என்றாள் சித்தி. பக்கத்து வீடு எங்கள் வீடு. எங்கள் வீட்டில் குழந்தை இல்லை.

சில நாட்களில் ஒன்று கவனித்தேன். கிளம்பும் நேரத்தில் வள்ளத்துப் போன்கள் பேசாமல் இருந்தன. யாரும் முடிவு செய்து சொன்னதாகத் தெரியவில்லை. மாதா பாட்டு முடிந்த பிறகுதான் அவை ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

ஆன்டனி மாமாவின் முப்பதாம் நாள் பூசை ஒரு சனிக்கிழமை மாலை இருந்தது. அன்று காலை வழக்கம்போல் தொழில் உண்டு. முந்தின நாள் சித்தி பிளேயரில் வரிசையை மாற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். முதல் வரியில் அடக்கப் பாட்டு. அதன்கீழ் மாதா பாட்டு. சித்தப்பாவும் பார்த்தார்.

“வேண்டாம்ளா. திரும்புனா இந்தத் தடவ யாரும் சும்மா விட மாட்டாவ.”

“திரும்புறவங்க திரும்பட்டும். அன்னைக்கு அது தெரியாம வந்திச்சி. நாளைக்கு நான் போடுதேன். ரெண்டும் வேற.”

விடிகாலையில் நானும் அந்த ஜன்னலுக்குப் போனேன். கரையில் வள்ளங்களின் விளக்குகள். முதலில் ஓடத் தொடங்கியது சித்தப்பாவின் என்ஜின்தான். சித்தி மேசைக்குப் போய், மவுஸை நகர்த்தி, அழுத்தினாள். அடக்கப் பாட்டு வெளியே போனது. கல்லறைத் தோட்டத்துக் காற்றின் இரைச்சல், கூட்டத்தின் செருமல், அதற்கு மேலே சுதி தப்பிய டிக்சன் சம்மாட்டியின் தொண்டை.

கரையில் எல்லா வள்ளங்களும் அப்படியே நின்றன. டிக்சன் சம்மாட்டி மணலில் நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தப்போகிறார் என்று நினைத்தேன். வள்ளத்தில் சித்தப்பா தலைத்துண்டை அவிழ்த்தார். நெற்றியில் குருசு வரைந்தார். துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு வள்ளத்தைக் கடலுக்குத் திருப்பினார். பாட்டு முடியவில்லை. அவர் குருசடியைத் தாண்டும்போதும் முடியவில்லை. அவருக்குப் பின்னால் சேவியரின் வள்ளம் போனது. அதற்குப் பின்னால் மற்றவை. இரண்டு வள்ளங்கள் மட்டும் பாட்டு முடியும் வரை காத்திருந்து, மாதா பாட்டு தொடங்கியபின் கிளம்பின. எதுவும் திரும்பவில்லை.

சித்தி ஜன்னலில் கையூன்றி நின்றாள். கடைசி விளக்கு மறைந்ததும், “டிக்சன் அண்ணன் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுவாரம் டிக்சன் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். போன் பாட்டு ஒத்துவரவில்லை, நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் நின்றுபோகிறது, பழைய வரிசையையே போட்டுக் கொடு என்றார்.

“கேக்கது யாரு? நீங்களா, கமிட்டியா?”

“நான்தான்னு வச்சிக்கோயேன்.”

“வேண்டாம்னு சொன்னது வலைக்கூடத்துல வச்சிச் சொன்னிய, அம்புட்டு பேரு முன்னால. வேணும்னாலும் அங்கன வச்சிச் சொல்லுங்க. நான் வாரேன்.”

சித்தி டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். குடித்தார். பென்டிரைவைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கமிட்டி இன்னும் அதைப் பேசவில்லை. சித்தியின் பிளேயரில் எல்லா வள்ளங்களின் வரிசைகளும் தயாராக இருக்கின்றன, ஒவ்வொன்றும் அந்தந்த வள்ளத்தின் பெயரில். வலைக்கூடத்திலிருந்து அழைப்பு வருகிற அன்று ஏற்றுவதற்கு. அதுவரை விடிகாலையில் ஸ்பீக்கர்கள் ஜன்னலில் இருக்கும்.